இடது கையில் முட்டை

பட்டாணிக்கு முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்க ஆரம்பித்து மாதக்கணக்காகிவிட்டது. இதை முதலில் கண்டுபிடித்தது அம்மாதான். பந்தயம் முடிந்து வரும்போதெல்லாம் பிள்ளையின் இரண்டு முட்டியிலும் ஒரே இடத்தில் கன்றிப்போயிருக்கும். "இந்தச் சின்ன பைக்கு இனிமே இவளுக்கு ஆகாதுங்க" என்று அம்மா சொன்னால், அப்பா அலமாரியில் வரிசையாக நிற்கும் கோப்பைகளைக் காட்டுவார். அத்தனையும் சின்ன பைக்கில் வாங்கியவை.

"ஜெயிச்சிட்டிருக்கிற குழந்தைய யாராவது எறக்குவாங்களா?"

"யாரு எறக்குறா? ஏத்தத்தானே சொல்றேன்" என்றாள் அம்மா.

அம்மா நகரப் பேருந்து ஓட்டுகிறவள். அவ்வளவு நீள வண்டியை அவ்வளவு குறுகிய சந்தில் திருப்புகிறவளுக்குப் புருஷன் மனசைத் திருப்புவதா பெரிய காரியம்? அப்பா பேக்கரியில் ரொட்டி சுடுகிறவர். காதோரம் மாவோடுதான் எப்போதும் வீட்டுக்கு வருவார். ஆறு வயதில் பிள்ளையைச் சின்ன பைக்கில் உட்காரவைத்துப் பழக்கியவர் அவர்தான். அதனால் அந்த வண்டியை விட அவருக்கு மனசே வரவில்லை. பட்டாணியோ கியர் பைக்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். ஒன்பது வயதில் ஒற்றைக் காலில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். அப்பாதான் முதலில் களைத்துப்போனார்.

கியர் பைக் வந்தது. வேறொரு பிள்ளை ஓட்டி, வளர்ந்ததும் விட்டுவிட்ட வண்டி. பட்டாணி ஏறி உட்கார்ந்தால் பூட்ஸின் நுனி மட்டும் தரையைத் தொட்டது. "நுனி போதும்" என்றாள். பெயருக்கேற்ற உருவம், பெயருக்கு மீறிய வாய்.

பயிற்சிக்குப் போன முதல் ஞாயிறே வந்தது வினை. ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட கல்குவாரியை ஒட்டிய மண் பாதை அது. நீளமான ஒரு நேர் ஓட்டம், அதன் முடிவில் வெடுக்கென்று ஒரு வளைவு, வளைவைச் சுற்றி வைக்கோல் கட்டுகள். பட்டாணி கியரை அழகாகத்தான் மாற்றினாள். வேகமும் நன்றாகத்தான் வந்தது. வளைவில்தான் திரும்பாமல் நேராகப் போய் வைக்கோலில் விழுந்தாள். முதல் தடவை எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த தடவை பாதிப் பேர் சிரித்தார்கள். அதற்கடுத்த தடவை அவள் வைக்கோலைத் தாண்டிப் போய் விழுந்தாள். யாரும் சிரிக்கவில்லை.

பந்தயங்களை நடத்துகிறவர் அம்மாவிடம் வந்தார். கொடி பிடித்துப் பிடித்து எல்லோருக்கும் கொடிக்காரர் ஆகிவிட்ட மனிதர்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. அடுத்த ஞாயித்துக்கிழமை பந்தயத்துல ஒரு வாய்ப்பு தர்றேன். அன்னிக்கும் இப்படி நேரா போய் விழுந்தா, இந்த வருஷம் முழுக்க பாப்பா சின்ன பைக்குலதான். நிக்காத வண்டிய மத்த குழந்தைங்க நடுவுல நான் எப்படி விட முடியும்?"

அவர் சொன்னதில் ஒரு குற்றமும் இல்லை. அதுதான் அம்மாவுக்கு இன்னும் வலித்தது. திரும்பிப் பார்த்தால் அப்பா முகத்தில் வருத்தம் தெரிந்தது, அதன் அடியில் கொஞ்சம் நிம்மதியும் தெரிந்தது. அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னும் ஒரே ஒரு சுத்து சுத்திட்டு வா கண்ணு" என்று மகளை அனுப்பிவிட்டு, தானும் வளைவுக்குப் போய் அப்பா பக்கத்தில் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வண்டி நேர் ஓட்டத்தில் சீறிக்கொண்டு வந்தது. அப்பா பாதி உடம்பை வேலிக்கு வெளியே தள்ளி, தொண்டை கிழியக் கத்தினார்.

"கையப் பிடி! கை! கை!"

பட்டாணியின் இடது கை விரல்கள் மடங்கின. வண்டி வேகம் குறைவதற்குப் பதிலாக, கயிறறுத்த கன்றுக்குட்டி மாதிரி நேராக ஓடி வைக்கோலுக்குள் புகுந்தது.

அம்மாவுக்கு அந்த நொடியில் விளங்கிவிட்டது. சின்ன பைக்கில் கியரும் இல்லை, கிளட்சும் இல்லை. இடது கையில் இருப்பது பின் பிரேக். மூன்று வருடமாக இதே வளைவில், இதே வேலியில் நின்று, அப்பா கத்திவந்த கத்தல்தான் அது. அந்தக் கத்தலில்தான் அத்தனை கோப்பையும் வந்தது. ஆனால் கியர் பைக்கில் அதே இடத்தில் இருப்பது கிளட்ச். அதைப் பிடித்தால் சக்கரம் இன்ஜினின் பிடியிலிருந்து விடுபட்டுத் தன் போக்கில் உருளும். பின் பிரேக் இப்போது வலது காலடியில் இருந்தது.

"என்னங்க, இப்ப என்ன கத்துனீங்க?"

"எப்பவும் கத்துறதைத்தான்."

"இந்த வண்டியில இடது கையில என்ன இருக்கு?"

அப்பா வைக்கோலில் கிடந்த வண்டியைப் பார்த்தார். முகம் தொங்கிப்போனது. "அட கடவுளே. நானா புள்ளைய விழ வெச்சேன்?"

"நீங்களும்தான், அவ கையும்தான். ஒரு வாரத்துல ரெண்டையும் திருத்தணும்."

காரில் வீடு திரும்பும்போது அப்பா தலையை ஆட்டினார். "மூணு வருஷப் பழக்கம். ஒரு வாரத்துல எப்படிப் போகும்? தூக்கத்துல கூட அவ கை மூடும். பேசாம இந்த வருஷம் சின்னதுலயே ஓட்டட்டுமே. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

பின் சீட்டில் தலைமுடியெல்லாம் வைக்கோலோடு உட்கார்ந்திருந்த பட்டாணி சொன்னாள்: "அடுத்த வருஷம் என் முட்டி காதுல இடிக்கும்பா."

அன்று மாலையே சாப்பாட்டு மேஜையின் நாற்காலி ஒன்று பைக் ஆனது. அம்மா அதைத் திருப்பிப் போட்டு, முதுகில் துடைப்பக் கட்டையை ஹேண்டில்பாராகக் கட்டினாள். பட்டாணி சின்ன வயதில் குளிக்கும்போது வைத்து விளையாடிய ரப்பர் வாத்து ஒன்று எங்கோ கிடந்தது. அதை எடுத்து வலது காலுக்குக் கீழே தரையில் ஒட்டினாள். மிதித்தால் கீச்சென்று கத்தும். இடது கைக்கு ஒரு பச்சை முட்டை.

"முட்டை எதுக்கும்மா?"

"நான் திடீர்னு 'நில்லு'ம்பேன். கால் வாத்தை மிதிக்கணும். கை முட்டைய உடைக்கக் கூடாது. இனிமே அவசரம்னு வந்தா காலுக்கு மட்டும்தான் வேலை. இந்தக் கைக்கு லீவு."

"நில்லு!"

முட்டை உடைந்தது. வாத்து மூச்சு விடவில்லை.

அந்த வாரம் அந்த வீட்டில் நடந்த கூத்தை என்னவென்று சொல்வது! கேக்குக்குப் போக வேண்டிய முட்டைகளை அப்பா பேக்கரியிலிருந்து தட்டுத் தட்டாக வாங்கி வந்தார். தரையெல்லாம் வழுக்கியது. பல் தேய்க்கும்போது, மாடிப்படி இறங்கும்போது, கணக்குப் போடும்போதெல்லாம் "நில்லு!" என்ற குரல் எங்கிருந்தாவது வந்து விழுந்தது. அப்பாவுக்கும் தண்டனை உண்டு. பிள்ளை நாற்காலியில் ஏறினால் அவர் எதிரே நின்று "கால்! கால்!" என்று கத்திப் பழக வேண்டும். பாவம் மனுஷன், பத்துக்கு எட்டுத் தடவை வாயில் "கை"தான் வந்தது. அம்மாவையும் அது விடவில்லை. பேருந்தில் ஒரு நிறுத்தத்தில் பிரேக்கை மிதித்தவள் தன்னையறியாமல் "கால்!" என்று கத்திவிட்டாள். முன் சீட்டில் இருந்த பெரியவர் பதறிப்போய்க் கால்களை மடக்கிக்கொண்டார். "மன்னிச்சுக்கோம்மா, வழியில நீட்டிட்டேனா?"

வாரத்தின் நடுவில் ஒரு சாயங்காலம் பட்டாணி உடைந்துபோனாள். விரல் வழியே மஞ்சள் கரு ஒழுக, நாற்காலியில் உட்கார்ந்தபடியே தேம்பித் தேம்பி அழுதாள்.

"என் கை நான் சொல்றதைக் கேக்கவே மாட்டேங்குதும்மா."

அம்மாவுக்கு வாரி அணைத்து, போதும்டி தங்கம், சின்ன பைக்கே ஓட்டு என்று சொல்லிவிட வாய் வரை வந்தது. அவளுக்கும் பயம்தான். வைக்கோலுக்குப் பதிலாக அங்கே ஒரு பிள்ளை விழுந்து கிடந்தால்? ஆனால் இந்தப் பயத்தோடு மகளைச் சின்ன பைக்கில் ஏற்றினால், அவள் அத்தோடு பைக்கையே விட்டுவிடுவாள் என்பதும் அம்மாவுக்குத் தெரியும். துணியை எடுத்து அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். தட்டிலிருந்து இன்னொரு முட்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள்.

"கேக்கும். இன்னொன்னு."

பட்டாணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு துடைப்பக் கட்டையைப் பிடித்தாள்.

சனிக்கிழமை சமையலறையில் அம்மா கைதவறி ஒரு பாத்திரத்தைக் கீழே போட்டாள். கூடத்திலிருந்து வாத்து கீச்சென்று கத்தியது. அம்மா ஓடிப்போய்ப் பார்த்தாள். பட்டாணியின் இடது கையில் முட்டை முழுசாக இருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஞாயிறு காலை அப்பா பேக்கரியிலிருந்து முஷ்டி அளவுக்கு ஒரு பன் கொண்டுவந்தார்.

"பசிக்குதா?"

"எனக்கு என் வாய் மேல நம்பிக்கை இல்லடி. அவ வளைவுக்கு வரும்போது இத அடைச்சுக்கப் போறேன்."

சொன்னபடியே செய்தார். கொடி விழுந்தது, கியர் பைக்குகள் ஒன்றாகக் கிளம்பின, பட்டாணி நடுவில் வந்தாள். முதல் சுற்றில் வளைவை நெருங்கும்போது அப்பா பன்னை வாயில் திணித்துக்கொண்டார். அவள் வேகம் குறைத்தாள், சாய்ந்தாள், திரும்பினாள், போய்விட்டாள். கொடிக்காரர் புருவத்தை உயர்த்தினார். அம்மா இன்னும் மூச்சு விடவில்லை.

இரண்டாவது சுற்றில்தான் அது நடந்தது. பட்டாணிக்கு முன்னால் போன சிவப்புச் சட்டைப் பையன் வளைவின் வாயிலேயே சறுக்கி விழுந்தான். வண்டி ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். பட்டாணி அவனை நோக்கி நேராக வந்துகொண்டிருந்தாள். அப்பாவின் கன்னம் இரண்டும் உப்பி, கண் பிதுங்கியது. அம்மாவின் வலது கால் மட்டும் தானாகவே மண்ணை அழுத்திப் புதைந்தது.

பட்டாணியின் இடது கை விரல்கள் விரிந்தே இருந்தன. பின் சக்கரம் பூட்டிக்கொண்டது, வண்டி பக்கவாட்டில் புழுதியை அள்ளிக்கொண்டு சறுக்கியது, அந்தப் பையனின் பூட்ஸுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

நின்றதோடு இன்ஜினும் அணைந்தது. நிற்கும்போது கிளட்சைப் பிடித்தால்தானே ஓடிக்கொண்டிருக்கும்? முட்டையை உடைக்காத கை அதைப் பிடிக்கவே இல்லை. பின்னால் வந்தவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். பையன் எழுந்து, தன் வண்டியை நிமிர்த்தி, அவனும் போய்விட்டான். பட்டாணிக்கு உதைத்துக் கிளப்பக் கால் எட்டவில்லை. ஒரு தடவை உதைத்தாள், பூட்ஸ் வழுக்கியது. அம்மா வேலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், உள்ளே போகவில்லை. பட்டாணி சுற்றுமுற்றும் பார்த்தாள். வண்டியை வைக்கோல் கட்டு வரை தள்ளிக்கொண்டு போனாள். கட்டின் மேல் ஏறி நின்று, முழு உடம்பையும் போட்டு மிதித்தாள். இன்ஜின் உறுமியது.

அவள் வந்து சேர்ந்தபோது கொடிக்காரர் கொடியைச் சுருட்டிவிட்டிருந்தார். சுருட்டியதை மறுபடி விரித்து அவளுக்காக ஆட்டினார். பிறகு அம்மாவிடம் வந்தார்.

"வண்டி நின்னுச்சு. எனக்கு அது போதும். பாப்பா இதுலயே ஓட்டட்டும். ரெண்டாவது ஓட்டத்துக்கு ரெடியாகச் சொல்லுங்க."

அம்மாவுக்கு அழுகை வந்தது. வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டாள். பட்டாணி ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகமெல்லாம் புழுதி. நேராக அப்பாவிடம் போனாள்.

"ஏம்ப்பா கத்தல?"

அப்பா பன்னை விழுங்க முடியாமல் விழுங்கினார். "தப்பா கத்திடுவேனோன்னு பயந்துட்டேன்டா."

"ஹெல்மெட்டுக்குள்ள எனக்கு உன் சத்தம் மட்டும்தான்ப்பா கேக்கும். இன்னிக்கு ஒண்ணுமே கேக்கல. நீ வீட்டுக்குப் போயிட்டியோன்னு நினைச்சேன்."

அப்பா கையில் மிச்சமிருந்த பன்னைப் பார்த்தார், அதை அம்மாவிடம் கொடுத்தார். இரண்டாவது ஓட்டத்துக்குக் கொடி விழுந்ததும் வளைவுக்கு ஓடி, பாதி உடம்பை வேலிக்கு வெளியே தள்ளி நின்றார். பட்டாணி நேர் ஓட்டத்தில் வந்துகொண்டிருந்தாள். அவர் வாய் "க"வுக்குத் திறந்தது. அம்மா அவருடைய பாதத்தின் மேல் தன் வலது காலை வைத்து ஓங்கி ஒரு மிதி மிதித்தாள்.

"கால்!" என்று அலறினார் அப்பா.

வேலி நெடுக நின்ற பெற்றோரெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பட்டாணி மட்டும் திரும்பவில்லை. அவள் வளைவில் சாய்ந்துகொண்டிருந்தாள்.