மூன்றாம் குடுவையின் தோல்

ஆபரேஷனில் வெட்டியெடுத்த தோல் எங்கள் ஆய்வகத்துக்கு உறைந்துபோய் வரும். யாருடையது என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் அன்று வந்த துண்டில் ஒட்டிப் பிறந்த மாதிரி இரண்டு மச்சம். ஒரே அறையில் உடை மாற்றி வளர்ந்தவளுக்குத் தெரியாதா? என் அக்காவின் வயிறு! "என் தோலு ஆராய்ச்சிக்குப் போகுதாம்டி, இனிமே நானும் விஞ்ஞானிதான்" என்று ஆஸ்பத்திரியில் பீற்றிக்கொண்டாள். அன்றிலிருந்து குளிருது குளிருது என்று ஒரே புலம்பல். டாக்டர்களுக்குக் காரணம் பிடிபடவில்லை.

வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்த்தேன். ஆறு கண்ணாடிக் குடுவைகளின் வாயில் ஆளுக்கொரு துண்டுத் தோல், அதன்மேல் வலி மருந்து பேட்ச். சுற்றிலும் வெதுவெதுப்பான தண்ணீர். மருந்து எவ்வளவு வேகமாகத் தோலைத் தாண்டி இறங்குகிறது என்று பார்ப்போம்.

மதியம் அக்காவின் துண்டு இருந்த மூன்றாம் குடுவையில் மட்டும் மருந்து கொட்டோ கொட்டென்று இறங்கியது.

"நீ சரியா ஒட்டியிருக்க மாட்டே," என்றார் மேலாளர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒட்டுவதில் என்னை மிஞ்ச இங்கே யார் இருக்கிறார்கள்? குடுவையைத் தொட்டேன். சுட்டது. மற்ற ஐந்தும் வெதுவெதுப்பாகத்தான் இருந்தன.

ஆபரேஷன் வலிக்கு அக்காவும் இதே பேட்ச்சைத்தான் தோளில் ஒட்டியிருந்தாள். சூடு பட்டால் மருந்து மொத்தமாக இறங்கி மூச்சையே நிறுத்திவிடும். போன் போட்டேன்.

"தூங்க விடுடி..." நாக்குக் குழறியது.

"தோள்ல என்னக்கா வச்சிருக்கே?"

"சுடுதண்ணிப் பை... குளிருச்சு..."

"ஐயோ, அதத் தூக்கிப் போடு! பேட்ச்சப் பிச்சு எறி! மாமாவக் கூப்பிடு!"

மாமா அவளை அள்ளிக்கொண்டு ஓடினார். பிழைத்துக்கொண்டாள். மூன்றாம் குடுவையும் ஆறிப்போயிருந்தது. கழிவறைக்குள் போய் அழுது தீர்த்தேன்.

சோதனை முடிந்த தோலை எரித்துவிடுவதுதான் இங்கே வழக்கம். கழிவு எடுக்க வருபவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'அவசரம்'. அவரிடம் ஐந்து துண்டுகளைக் கொடுத்தேன். அக்காவின் துண்டை மட்டும் டப்பாவில் போட்டு ஃப்ரீசரின் அடித்தட்டில் ஒளித்தேன். அக்கா குளிரில் நடுங்கினால் நடுங்கட்டும், உயிரோடு இருந்தால் போதும்.

கோடை முழுக்க அவள் கம்பளிக்குள்ளேயே கிடந்தாள். நேற்று காலை பஸ்ஸில் இருந்தபோது அவளே கூப்பிட்டாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"இன்னிக்குக் குளிரே இல்லடி! போர்வையெல்லாம் தூக்கிப் போட்டுட்டேன்!"

போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு ஆய்வகத்துக்கு ஓடினேன். ஃப்ரீசர் துடைத்துவிட்டது போல் காலியாக, வாயைப் பிளந்து கிடந்தது.

"பழைய டப்பா எல்லாத்தையும் கழிச்சாச்சு," என்றார் மேலாளர். "அவசரம் இப்பத்தான் உலைக்குக் கொண்டுபோனாரு."

பின்வாசலுக்குப் பாய்ந்தேன். உலையின் கதவு சாத்தியிருந்தது.

"என்னன்னு தெரியலடி," என்றாள் அக்கா, "கொஞ்சம் கொஞ்சமா சூடேறுது."