கல் திறக்கும் நாளில் ரூபெனேயின் கார்

ரூபெனே இறந்து வருடம் திரும்பிவிட்டது. அவர்கள் வழக்கப்படி அவன் கல்லறைக் கல்லின் மேல் போர்த்தியிருக்கும் துணியை எடுக்கும் நாள் அன்று. மானுரேவா என்ற புறநகரில் அவன் அண்ணன் ஹோவானியின் வீட்டு முற்றம் விடிந்ததுமே நிறைந்துவிட்டது. வடக்கிலிருந்து வேனில் வந்த உறவுக்காரர்கள் கூடத்தில் மெத்தை விரித்துப் படுத்து எழுந்து, கையில் தேநீரும் வெண்ணெய் தடவிய ரொட்டியுமாக வெளியே நின்றார்கள். வேலியோரம் வெட்டிய குழியில் பழுக்கக் காய்ந்த கற்களின் மேல் ஆட்டிறைச்சியும் பன்றியும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் கூடை கூடையாக இறக்கப்பட்டு, ஈரச்சாக்கும் மண்ணும் போட்டு மூடியாயிற்று.

முற்றத்தின் நடுவே ரூபெனேயின் சிவப்புக் கார் நின்றது. பிஸ்டன் இல்லாமல் உள்ளே சுழலி சுற்றும் ரோட்டரி இன்ஜின் வண்டி, முப்பது வருடத்துக்கு மேல் பழசு. அதைக் கல்லறை வரை ஓட்டிப் போய், துணியை எடுத்ததும் அவனுக்காக ஒருமுறை உறும விடுவது என்று குடும்பத்தில் பேசி வைத்திருந்தார்கள். தம்பி படுக்கையில் விழுந்த நாளிலிருந்து வண்டியைப் பார்த்துக்கொண்டவன் ஹோவானி. சாவியை யாரிடமும் கொடுத்ததில்லை.

எல்லாரும் பார்க்க அவன் உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். ஸ்டார்ட்டர் சுற்றியது. இன்ஜின் பிடிக்கவில்லை.

"என்ன ஹோவானி, உன் ராணி இன்னும் எந்திரிக்கலையா?" என்றார் ஹோஹெபா சித்தப்பா. "ஒரு வாய் டீ ஊத்திப் பாரு."

சிரிப்பு எழுந்தது. ஹோவானியும் சிரித்துக்கொண்டே மறுபடி திருப்பினான். இந்த முறை அவன் முகத்தில் சிரிப்பு நிற்கவில்லை. நல்ல ரோட்டரி சுற்றும்போது உள்ளே ஒவ்வொரு சுற்றுக்கும் காற்று இறுகி விடுவது காதில் விழும். இதுவோ ஒரே சீராக, பல்லில்லாத வாய் மெல்லுவது போல விர்ரென்று சுற்றியது. மூக்கில் பெட்ரோல் நெடி ஏறியது. அவனுக்கு வேறு சோதனையே தேவைப்படவில்லை. பெட்ரோல் உள்ளே நிரம்பி, எண்ணெய்ப் பூச்சைக் கழுவிவிட்டதால் உள்ளே அழுத்தம் நிற்கவில்லை. குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பி, நாலடி நகர்த்தி, சூடேறுவதற்குள் அணைத்தால் இப்படித்தான் ஆகும். ரோட்டரி வைத்திருக்கிறவர்கள் முதலில் கற்றுக்கொள்வது அதைத்தான்.

அவன் இறங்கிக் கதவை அறைந்தான்.

"எவன் இதைக் கிளப்பி அணைச்சது?"

ஹோவானியின் பார்வை குழியருகே மண்வெட்டியோடு நின்ற ஃபெலெட்டியின் மேல் போய் விழுந்தது. ஃபெலெட்டி அவன் தங்கை மெரியானாவின் புருஷன். டோங்கா தீவுக்காரன், விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவன், காரைப் பற்றி ஒன்றும் தெரியாதவன். நேற்று மாலை பந்தல் கம்பி ஊன்ற வேண்டும், வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்த முடியுமா என்று கேட்டது அவன்தான்.

"நீதானே? பந்தலுக்கு இடம் பத்தலைன்னு சாவியை நீயே எடுத்து மறுபடி நகர்த்தினியா?"

ஃபெலெட்டி வாயைத் திறந்தான். பிறகு சுற்றி நின்ற பெரியவர்களையும், மடியில் ரூபெனேயின் படத்தை வைத்து உட்கார்ந்திருந்த அத்தைமாரையும் பார்த்தான்.

"சரி மச்சான், விடுங்க. நான்தான்னு வச்சுக்கங்க. இன்னைக்கு வேண்டாம்."

"வச்சுக்கங்களா? இது என்ன உங்க ஏர்போர்ட்டு டிராலியா, இழுத்த இழுப்புக்கு வர? என் தம்பியோட வண்டிடா இது. அவன் உனக்கு ரத்தமா என்ன, உனக்கு வலிக்கிறதுக்கு?"

கடைசி வாக்கியம் வாயை விட்டு இறங்கியபோதே ஹோவானிக்கு அது அதிகம் என்று தெரிந்தது. ஆனாலும் அவன் கண்ணைத் தாழ்த்தவில்லை.

மெரியானா சமையலறை வாசலிலிருந்து இறங்கி வந்தாள். கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கத்தவில்லை.

"அண்ணே, நேத்து சாயந்திரம் வண்டியை எடுத்தது யாரு?"

"நான்தான் எடுத்தேன். எடுத்து, சூடாகுற வரைக்கும் ஓட விட்டு..."

"ஓட விட்டியா? குழிக்குக் கல்லு கொண்டு வந்த லாரிக்காரன்கிட்டேருந்து போன் வந்துச்சு. சத்தத்துல கேக்கலைன்னு சாவியைத் திருப்பி அணைச்சுட்டு, போனைக் காதுல வச்சுக்கிட்டு ரோட்டுக்கு ஓடின. இந்த வாசல்ல நின்னு நாங்க அத்தனை பேரும் பாத்தோம். இவரும் பாத்தாரு."

ஹோவானிக்கு அது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. லாரிக்காரனின் குரல், தெரு முனை, 'எந்த கேட்டுங்க' என்ற கேள்வி. சாவி எப்படித் திரும்பியது என்பது மட்டும் கைக்கு நினைவில்லை.

"இன்னொண்ணையும் கேட்டுக்க," என்றாள் மெரியானா. "ரூபெனேயை ஒரு நாள் விட்டு ஒரு நாள் ரத்தம் சுத்தம் பண்ணக் கூட்டிட்டுப் போனது இவரு. ராத்திரி ஷிப்டு முடிச்சுட்டுத் தூங்காம நேரா வந்து தூக்கிட்டுப் போவாரு. அவன் வாந்தியைக் கையில ஏந்தினவரு. அப்ப நீ எங்க இருந்த? இந்த வண்டிக்கு மெழுகு தேச்சுக்கிட்டு இருந்த. ரத்தமாம் ரத்தம்!"

யாரும் ஹோவானியைப் பார்க்கவில்லை. அத்தைமார் படத்தின் மேல் குனிந்துகொண்டார்கள். ஹோஹெபா சித்தப்பா தொண்டையைக் கனைத்து, "பாதிரியார் காத்துக்கிட்டு இருப்பாரு. ஏறுங்க எல்லாரும்" என்றார். வேன்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. "சரி பண்ணிட்டு வா" என்றுகூட யாரும் சொல்லிவிட்டுப் போகவில்லை.

முற்றத்தில் மிஞ்சியது கார், குழி, குழியைக் காக்க நின்ற ஃபெலெட்டி.

ஹோவானி பானெட்டைத் திறந்தான். செய்வது தெரிந்த வேலை என்பதால் கை தானாக நகர்ந்தது. பெட்ரோல் போகாமல் இருக்க ஃபியூஸைப் பிடுங்கினான். நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றினான். நாலும் நனைந்து மினுங்கின. இனி யாராவது உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்ப வேண்டும். பிளக் இருந்த துளைகள் வழியே பெட்ரோல் வெளியேறி முடிவதை அவன் இங்கே நின்று பார்க்க வேண்டும். தனியாளாகவும் செய்யலாம்தான், ஓடி ஓடி. அவன் இரண்டு முறை ஓடிப் பார்த்தான். மூன்றாம் முறை பானெட் முன்னாலேயே நின்றுவிட்டான். மன்னிப்புக் கேட்க இதைவிட நல்ல நேரம் வராது என்று தெரிந்தது. வாயில் வந்ததோ வேறு.

"ஃபெலெட்டி... கொஞ்சம் சாவியைத் திருப்புறியா?"

ஃபெலெட்டி மண்வெட்டியைச் சாய்த்து வைத்தான். கையைச் சட்டையில் துடைத்தான். கதவருகே வந்து நின்று, காலில் ஒட்டிய மண்ணைப் பார்த்தான்.

"உள்ள அழுக்காயிரும் மச்சான்."

"பரவாயில்லை."

அவன் செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான் ஏறினான். அவ்வளவு பெரிய உடம்பு அந்தச் சின்ன இருக்கையில் முழங்காலை மடித்து, எதன் மேலும் படாமல் ஒடுங்கி உட்கார்ந்ததைக் கண்ணாடி வழியே பார்த்தபோது ஹோவானிக்குக் காது சுட்டது.

"திருப்பு."

துளைகளிலிருந்து பெட்ரோல் புகையாகப் பீறியது.

"நிறுத்து. மறுபடி."

வெறும் காற்று வரும்வரை அப்படியே செய்தார்கள். துளைக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு, பிளக்குகளைக் காய வைத்து மாட்டி, ஃபியூஸைச் செருகினான் ஹோவானி. ஃபெலெட்டி இறங்கப் போனான்.

"இரு, நீயே கிளப்பு."

இரண்டாம் திருப்பில் இன்ஜின் இருமியது, பிறகு பிடித்துக்கொண்டது. வெள்ளைப் புகை முற்றம் முழுக்க எழுந்து, பந்தலை மறைத்து, பக்கத்து வீட்டுத் துணிக்கொடி வரை போனது.

"ஐயோ, சாப்பாடு!" என்று ஃபெலெட்டி இருமிக்கொண்டே குதித்திறங்கிக் குழிக்கு ஓடினான். "கறியெல்லாம் பெட்ரோல் நாத்தம் அடிக்கப் போகுது!"

"நீயும் வா, ஃபெலெட்டி."

"குழியை யாரு பாக்குறது? நீங்க போங்க மச்சான். நேரமாச்சு."

ஹோவானி இன்னும் ஏதோ சொல்ல நின்றான். ஃபெலெட்டி திரும்பி நின்று ஆவி கசிந்த இடத்தில் மண் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான்.

ஹோவானி கல்லறைக்குப் போய்ச் சேர்ந்தபோது துணி எடுத்தாகிவிட்டது. கறுப்புக் கல்லில் தம்பி பெயர் வெயிலில் நின்றது. சிலர், கல்லறையை விட்டுக் கிளம்பும்போது செய்யும் வழக்கப்படி, ஏற்கெனவே வாசல் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். வண்டிச் சத்தம் கேட்டுத் தலைகள் திரும்பின, பிறகு திரும்பிக்கொண்டன. அவன் அணைக்காமல் உட்கார்ந்திருந்தான். இறங்கவும் தைரியமில்லை, உறும விடவும் கால் வரவில்லை.

மெரியானாதான் அருகில் வந்தாள்.

"வந்துட்டேல்ல? செய். அவனுக்காகத்தானே."

"நீ செய், மெரியானா." அவன் இறங்கி வழி விட்டான்.

அவள் அவனை ஒரு கணம் பார்த்தாள். பிறகு பாவாடையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்து மிதித்தாள். அந்தச் சத்தம் கல்லறை மேட்டில் மோதி எழுந்தது. குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், அத்தைமார் ஓவென்று அழுதார்கள். மெரியானா விடாமல் மிதித்தாள். ஹோவானி கூட்டத்தின் பின்னால் போய் நின்றான். தம்பியின் கல்லுக்குப் பக்கத்தில் போக அவனால் எல்லாரும் கலைந்த பிறகுதான் முடிந்தது.

மதியம் சாப்பாட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு. எல்லாரும் மரியாதையாக, "உப்பு வேணுமா, ஹோவானி?" என்று கேட்டார்கள். ஹோஹெபா சித்தப்பாகூடக் கேலி செய்யவில்லை.

பாத்திரம் கழுவும் நேரத்தில் அவன் கொல்லைக் குழாய்க்குப் போனான். ஃபெலெட்டி பெரிய தட்டுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தான். ஹோவானி பக்கத்தில் குந்தினான்.

"காலையில நான் பேசினது... அது பேச்சே இல்லை, மச்சான். என்னை மன்னிச்சுரு."

"சரி."

"நான்தான் அணைச்சேன்னு தெரிஞ்சும் ஏன் சொல்லலை?"

"அத்தனை பேரு முன்னாடி எப்படிச் சொல்றது? உங்க தம்பி நாளு."

ஃபெலெட்டி தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்: "ஆனா ஒரு நாளாவது நீங்க வந்திருக்கலாம். ஊசி குத்தி உக்கார வச்சா அசைய முடியாது. கதவையே பாத்துக்கிட்டு இருப்பான்."

ஹோவானி குழாயைக் கொஞ்சம் குறைத்தான்.

"என்னைப் பத்தி என்ன சொல்லுவான்?"

"நர்ஸுங்க கேப்பாங்க, உங்க அண்ணன் வரலையான்னு. 'அவன் பாவம், நேரமே இல்லை, என் வண்டியை அவன்தான் பாத்துக்கிறான்'னு சொல்லுவான். பெருமையாத்தான் சொல்லுவான்."

ஃபெலெட்டி தேய்த்து முடித்த தட்டை நீட்டினான். ஹோவானி அதை வாங்கி அலசினான். அடுத்த தட்டு வந்தது. அதையும் அலசினான். பந்தலில் யாரோ கித்தாரை எடுத்துப் பாட ஆரம்பித்து ஹோவானியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவன் போகவில்லை. கடைசிப் பாத்திரம் முடிகிறவரை அங்கேயே தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான்.