வேலிக்கு இருபுறமும் நெல்லி

தை மாதத்து இளவெயில் வெண்ணாற்றின் மணல்திட்டுகளில் படர்ந்து, அறுத்துக் கட்டிய கதிர்க்கட்டுகளின் மணத்தைக் கரையெங்கும் பரப்பி, படுகைத் தோட்டங்களின் பனியை மெல்ல உலர்த்திக்கொண்டிருக்கும் இக்காலையில், கற்றறிந்தோரே, இரண்டு வீடுகளையும் அவற்றிடையே ஒரு முள்வேலியையும் காண்பீராக. இப்பால் எல்சி வீடு. அப்பால் அருள்ஜோதி வீடு.

எல்சிக்கு இருந்த ஒரே பெருமை ஒரு நெல்லி. ஆட்டெரு இட்டு, அரிசி கழுவிய நீர் வார்த்து, வேரடியில் சருகு மூடி, பட்ட கிளை கழித்து அவள் வளர்த்த அம்மரம் நெடுங்காலம் ஒரு கை கொள்ளும் காய்க்குமேல் தந்ததில்லை. பின்னர் ஓராண்டு கிளை முறியக் காய்த்தது. அறுப்பின் பண்டிகையன்று ஊரார் தத்தம் முதல் விளைச்சலைக் கோயிலில் படைத்து, வழிபாடு முடிந்ததும் ஏலம் கூறுவது அவ்வூர்க் கிறிஸ்தவ சபையின் வழக்கம். அன்று எல்சியின் கூடைக்கே போட்டி மிகுந்தது. "எல்லாம் என் கைராசிங்க!" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். வேலிக்கப்பால் அருள்ஜோதி நட்ட ஒட்டு நெல்லி முதற்பூ விட்ட ஆண்டும் அதுவே என்பதை எண்ணிப் பார்க்க அவளுக்கு ஏது நேரம்!

அருள்ஜோதியின் கணவன் லியோ, ஊர் இளைஞரெல்லாம் கடல் கடந்த அத்தொண்ணூறுகளில், சிங்கப்பூர் சென்றவன். அவன் அனுப்பிய பொருளால் மாடி எழும்பியது, எல்சி பொறுத்தாள். ஆனால் மறு ஆண்டு ஏலத்தில் அருள்ஜோதியின் நெல்லிக்கூடை தன் கூடையை முந்தியபோது அவளால் பொறுக்க முடியவில்லை. மாடியும் அவளுக்கு, வெளிநாடும் அவளுக்கு, நெல்லியுமா அவளுக்கு! அருள்ஜோதி தாய்வீடு சென்றிருந்த நண்பகல்களில், குடம் நிறைய உப்பைக் கரைத்து, வேலி இடுக்கின் வழியே அம்மரத்தின் வேரில் ஊற்றினாள். இலை கருகி மரம் பட்டுப்போயிற்று.

பங்குனியில் எல்சியின் நெல்லி பூத்துக் குலுங்கியது. ஆனால் ஒரு பிஞ்சும் நிலைக்கவில்லை. எருவை மாற்றினாள், நீரைக் கூட்டினாள், மரத்தையே திட்டினாள். பண்டிகையன்று வெறுங்கையோடு கடைசி வரிசையில் அமர்ந்தாள்.

மறுவாரம் அருள்ஜோதி ஓர் ஒட்டுக்கன்றோடு வந்தாள்.

"நாளைக்கு சிங்கப்பூருக்கு அவர்கிட்ட கிளம்புறேன் அக்கா. இதை நீங்க வச்சுக்குங்க. பக்கத்துல வேற வகை இல்லாம ஒத்த நெல்லி காய்க்காதாம். கன்னு வாங்குன எடத்துல சொன்னாங்க. உங்க மரத்துக்குத் துணையா இருக்கட்டும்னுதான் அன்னைக்கும் வேலியோரமா நட்டேன்."

எல்சி ஓரடி பின்வாங்கினாள். "எனக்கா? எனக்கு எதுக்கு அருள்ஜோதி இதெல்லாம்?"

"உங்களை மாதிரி யாரு வளப்பா? எங்க கொல்லையில வச்சாலும் சரிதான். அந்தப் பழைய குழியில மட்டும் வைக்காதீங்க அக்கா. அங்க மண்ணு உப்பாயிருக்கு."

அக்குரலில் சினம் இல்லை. அதுதான் எல்சியைச் சுட்டது. தலை கவிழ்ந்து கன்றை வாங்கிக்கொண்டாள்.

வேலிக்கப்பால், பழைய குழியை விட்டு விலகி அதை நட்டு, சருகு மூடி, நீர் வார்த்து, அருகிலேயே நெடுநேரம் அமர்ந்திருந்தாள். அடுத்தவள் மரம் தழைக்க வேண்டும் என்று அவள் இறைவனிடம் அழுது வேண்டியது அதுவே முதன்முறை.