பெயரில்லாத பட்டன்கள்

அம்பத்தூரில் ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்தும் மனோகரன், பார்வையற்றவர்களும் பயன்படுத்தக்கூடிய புது இணையதளம் தொடங்குவதாகச் சொல்லி ஒரு கல்யாண மண்டபத்தையே பிடித்துவிட்டார். திறந்துவைக்க பட்டாபிராமிலிருந்து ஜாஸ்லின் வந்திருந்தாள். வங்கியில் வேலை செய்யும் அவளுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பழைய தளம் இருந்தபோது 'உங்கள் தளத்தில் என்னால் பதிவு செய்ய முடியவில்லை' என்று ஆறு முறை எழுதிப் போட்டவள் அவள்தான்.

மேடையில் மடிக்கணினியை அவள் முன் வைத்தார்கள்.

"ஒரே ஒரு க்ளிக் மேடம். போட்டோகிராபர் ரெடி," என்றார் மனோகரன்.

"அம்மாவுக்கு சுகர் டெஸ்ட் புக் பண்ணணும் சார். அதையே பண்ணிப் பாத்துடறேன்."

திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருளை ஓடவிட்டாள். அதன் குரல் ஒலிபெருக்கிகளில் அதிர்ந்தது.

"பட்டன். பட்டன். பட்டன்."

எது எதற்கான பட்டன் என்று அது சொல்லவில்லை. ஜாஸ்லின் மேலும் நகர்ந்தாள்.

"படம். ஓனர் மூஞ்சி, தொப்பை கட், ஃபைனல் மூணு."

முன்வரிசையில் ஒருவர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். தளத்தை உருவாக்கிய டில்லிபாபு, முதலாளியின் படத்துக்கு விவரம் எழுதவேண்டிய இடத்தில் கோப்பின் பெயரையே விட்டிருந்தான். யாரும் பார்க்கப்போவதில்லை என்ற நம்பிக்கை. யாரும் பார்க்கவில்லைதான், மண்டபமே கேட்டுவிட்டது.

"இன்னாடா இது?"

"அத்த யாரு படிக்கப்போறாங்கன்னு உட்டேன் சார்..."

"மொதல்ல மாத்து! 'கம்பீரமான நிறுவனர்'னு போடு!"

மாற்றினான். ஜாஸ்லின் மறுபடி ஓடவிட்டாள். நிறுவனர் கம்பீரமாகிவிட்டார். பட்டன்கள் பட்டன்களாகவே இருந்தன.

பார்வையற்றவர்களுக்கு ஏற்ற தளம் என்று அவள் தரவேண்டிய சான்றிதழை மனோகரன் நீட்டினார். "கையெழுத்துப் போடுங்க மேடம், பிரியாணி ஆறுது."

"புக்கிங் ஆகட்டும் சார், போடறேன்."

கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மனோகரனுக்குக் கோபம் வந்தது. விருந்தினர்களுக்குப் பசி வந்தது. பசி வென்றது.

டில்லிபாபு அவளருகே குந்தினான். "எது இன்னா பட்டன்னு நான் சொல்லிகினே வரேன்கா, நீங்க அமுக்குங்க."

"வேணாம் தம்பி. பேரை வெச்சுட்டு நகருங்க. நானே கேட்டுக்கறேன்."

விழா ஏற்பாட்டுக்கு இரண்டு மாதம் ஆகியிருந்தது. பட்டன்களுக்குப் பெயர் வைக்கப் பதினோரு நிமிடம் ஆனது.

"புதன்கிழமை, காலை ஏழு மணி. பதிவு முடிந்தது," என்றது குரல். யாரையும் கேட்காமல் அம்மாவுக்கு ஒரு வேலையை முடித்த ஜாஸ்லின், அந்த வரியை இன்னொரு முறை ஓடவிட்டுக் கேட்டாள். மண்டபம் கைதட்டிவிட்டு நேராகப் பந்திக்கு ஓடியது.

"அந்தப் பேப்பர்ல என்ன எழுதியிருக்குன்னு படிங்க," என்றாள்.

டில்லிபாபு தயங்கிப் படித்தான்: "'ஓராண்டாக இத்தளத்தை நான் எளிதாகப் பயன்படுத்தி வருகிறேன்.'"

"அதை அடிச்சிடுங்க. இன்னிக்கு மதியம் ஒண்ணே காலிலேர்ந்துன்னு எழுதுங்க. போடறேன்."