பின் சீட்டில் ஓர் ஆள்

எங்கள் வீட்டில் இரண்டு கார்கள். ஒன்று வாசலில் நிற்கிறது. இன்னொன்று இன்னும் வரவில்லை. நிற்பதற்கு ‘இப்போதைக்கு’ என்று பெயர். வராததற்கு ‘வண்டி’ என்று பெயர்.

நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள் அப்பா சாம்பல் நிறத்தில் ஒரு பழைய காரை ஓட்டிக்கொண்டு வந்து, “வண்டி வர்ற வரைக்கும் இப்போதைக்கு இது இருக்கட்டும்” என்றார். அதுவும் இருந்துவிட்டது. அதற்குப் பிறகு “இப்போதைக்கை நிழல்ல நிறுத்துங்க”, “இப்போதைக்குக்கு டயர் மாத்தணும்” என்றெல்லாம் நாங்கள் வெகு சாதாரணமாகப் பேசிக்கொள்வோம். வீட்டுக்கு வருகிறவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். யாருக்கும் விளக்கம் சொன்னதில்லை.

வண்டி என்றால் ஏதோ ஒரு வண்டி இல்லை. இரண்டே கதவு, நீளமான மூக்கு, தாழ்ந்த கூரை. ஸ்போர்ட்ஸ் காரின் வேகமும் வேண்டும், சோபாவின் சொகுசும் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்காகச் செய்வது. நாள் முழுக்க ஓட்டினாலும் முதுகு வலிக்காதாம். நெடுந்தூரம் சுற்றுவதற்கென்றே பிறந்ததால் கிராண்ட் டூரர் என்கிறார்கள். அப்பா பல் டாக்டர். காலையிலிருந்து மாலைவரை அடுத்தவர் வாய்க்குள் குனிந்து நிற்பவர். முதுகு வலிக்காது என்ற ஒரே வார்த்தையில் மனிதர் விழுந்துவிட்டார் என்பாள் அம்மா. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அந்தக் காரைப் பார்க்கும்போது அப்பாவின் முகத்தில் வருவதற்கும் முதுகுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

முதன்முறை ஷோரூமுக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம். அப்பாவும் அம்மாவும் முன்னால் உட்கார்ந்தார்கள். பின்னால் சீட் என்ற பெயரில் இரண்டு பள்ளங்கள் இருந்தன. ஒன்றில் என்னைப் போட்டார்கள். கச்சிதமாகப் பொருந்தினேன். அப்பா திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இவ வளருவாளே” என்றார், ஏதோ வியாதியைச் சொல்வது போல. விற்பனையாளர் சளைக்கவில்லை. அடுத்த மாடலில் பின்னால் இடம் கூட்டப்போகிறார்கள் என்றார். “அப்ப அது வரட்டும்” என்று அப்பா இறங்கிவிட்டார். விற்பனையாளருக்கு அன்றே அம்மா ‘அடுத்த மாடல்’ என்று பெயர் வைத்தாள்.

அன்றிலிருந்து கம்பெனிக்கும் எனக்கும் போட்டி. கம்பெனி பின்னால் ஒரு விரல் இடம் கூட்டினால் நான் ஒரு சாண் வளர்ந்திருப்பேன். அவர்களிடம் ஆயிரக்கணக்கான என்ஜினியர்கள் இருந்தார்கள். நான் மூன்று வேளை சாப்பிட்டுத் தூங்கினேன், அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் நானே ஜெயித்தேன். பணம் சேர்ந்துவிட்டது, இடம்தான் சேரவில்லை என்று அப்பா சொந்தக்காரர்களிடம் சொல்வார். அவர்கள் வீடு கட்டுகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஷோரூமுக்கு அடிக்கடி போக முடியாது என்பதால் ஒத்திகை கிளினிக்கில் நடந்தது. மதிய இடைவேளையில் அப்பா பல் பார்க்கும் நாற்காலியை அந்தக் காரின் டிரைவர் சீட் எந்தக் கோணத்தில் சாயுமோ அந்தக் கோணத்துக்குச் சாய்த்து, தானே படுத்துக்கொள்வார். பக்கத்தில் அம்மா. பின்னால் உயரம் குறைந்த ஸ்டூலில் நான். நர்ஸ் அக்கா என் முழங்காலுக்கும் நாற்காலி முதுகுக்கும் நடுவே அளவு நாடாவை விட்டு எண் சொல்வாள். ஒருமுறை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்த ஒரு நோயாளி, டாக்டர் நாற்காலியில் படுத்திருப்பதையும் குடும்பமே ஒரே திசையைப் பார்த்து உட்கார்ந்திருப்பதையும் கண்டு, வலி போய்விட்டது என்று சொல்லிவிட்டு வெளியேறினார். அப்பா பொருட்படுத்தவில்லை. பிரேக் போடுவது போல ஒரு காலை மட்டும் லேசாக அழுத்தினார்.

இத்தனை வருஷமும் நான் எங்கள் வீட்டில் பின் சீட்டாக இருந்தேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை. மகள் வளர்ந்துவிட்டாள் என்பதற்காகக் கனவைக் குறுக்கிக்கொள்ளாமல் காரைப் பெரிதாகச் செய்து தரும்படி ஒரு கம்பெனியை எதிர்பார்த்த அப்பா எத்தனை பேருக்குக் கிடைப்பார்? எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். அதனால்தான் சிக்கல்.

போன வருஷம் புது மாடல் வரப்போவதாகப் பேச்சு கிளம்பியது. உடம்பு முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கோலத்தை ஒட்டி மறைத்து, சோதனைக்கு ஓட்டுகிற காரை யாரோ எங்கோ படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். அப்பா அந்தப் படங்களை எக்ஸ்ரே பார்ப்பது போல வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தார். போனை அப்படிப் பார்த்தால் எதுவும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது. பின் கூரை முன்பைவிட ஒரு மயிரிழை உயர்ந்திருக்கிறது என்றார்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு வேலை கிடைத்தது. பாலங்களுக்கு அடியில் தொங்கிக்கொண்டு விரிசல் பார்க்கிற வேலை. பாலங்கள் அதிகமுள்ள ஊர், இங்கிருந்து ரயிலில் ஒரு பகலும் ஓர் இரவும். நிரந்தர வேலை. நானும் அங்கேயே தங்கிவிடுவதாகத்தான் முடிவு செய்திருந்தேன்.

அப்பாவிடம் எதையும் சொல்வது சுலபமில்லை. வாயில் பஞ்சு வைத்திருப்பவர்களிடம் கேள்வி கேட்டே வாழ்க்கையைக் கழித்தவர். கேட்பார், பதிலையும் அவரே சொல்லிக்கொள்வார். வேலை கிடைத்ததைச் சொன்னதும் சந்தோஷப்பட்டார். கண்ணாடியைத் துடைத்தபடி, அங்கே எத்தனை நாளைக்கு என்று கேட்டார்.

“இப்போதைக்கு அங்கதான்பா” என்றேன்.

எங்கள் வீட்டில் இப்போதைக்கு என்று பெயர் வாங்கியது எதுவும் நகர்ந்ததாகச் சரித்திரம் இல்லை. அந்த அர்த்தத்தில்தான் சொன்னேன். அப்பா ஊரார் அர்த்தத்தில் எடுத்துக்கொண்டார். “அப்ப வண்டி வர்றதுக்குள்ள வந்துடுவ” என்று அவரே முடித்துக்கொண்டு கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவர் புரிந்துகொண்டது தப்பு என்று தெரிந்தும் நான் வாயை மூடிக்கொண்டேன்.

அம்மாவிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். நீயே சொல்லும்மா என்று கெஞ்சினேன். ஊரார் வாயையெல்லாம் திறக்க வைக்கிற மனுஷனிடம் தன்னால் வாய் திறக்க முடியாது, நீயாயிற்று உன் அப்பாவாயிற்று என்று கழன்றுகொண்டாள்.

நாளை சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். நான் வேலையில் சேரும் நாள் நெருங்கிய வேளையில் புது மாடல் அறிவிப்பு வந்துவிட்டது. அடுத்த மாடலே போன் செய்தார். அப்பா ஸ்பீக்கரில் போட்டார். இந்த முறை நிஜமாகவே பின்னால் இடம் கூட்டியிருக்கிறார்களாம். கூடவே இன்னொரு ஏற்பாடு. பின் சீட் வேண்டாம் என்றால் அந்த இடத்தில் பெட்டி வைக்கத் தோல் விரித்த தட்டு ஒன்று போட்டுத் தருவார்களாம். பெரும்பாலானவர்கள் அதைத்தான் கேட்கிறார்களாம். ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும், பிறகு மாற்ற முடியாது.

“இதுல யோசிக்க என்ன இருக்கு?” என்றார் அப்பா. நான் வாயைத் திறக்காவிட்டால், வரவே போகாத ஓர் ஆளுக்காக ஒரு சீட் அந்தக் காரில் காலத்துக்கும் கிடக்கும். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை இப்போதைக்கில் ஏறி ஷோரூமுக்குப் போனோம். அடுத்த மாடலுக்குத் தலை நரைத்திருந்தது, வயிறும் கொஞ்சம் தள்ளியிருந்தது. கார் மட்டும் இளமையாக இருந்தது. கரும்பச்சை நிறம். தரையில் அதன் நிழல் விழுந்த இடத்தைக்கூட ஒருவர் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அப்பா கிட்டே போய் நின்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“நீ ஏறு” என்றார் என்னிடம்.

முன் சீட்டை மடக்கினார்கள். வலது காலை முதலில் உள்ளே விட்டு, இடுப்பை மடித்து, தலையைத் தாழ்த்திக்கொண்டு, அரை வட்டம் திரும்பி உட்கார்ந்தேன். படிக்கும்போது பாலத்துக்கு அடியில் நுழையப் பழகியது உதவியது. அப்பா முன்னால் டிரைவர் சீட்டில் ஏறி, தனக்குத் தோதாகப் பின்னால் தள்ளிக்கொண்டார். பிறகு கையைப் பின்னுக்கு வளைத்து என் முழங்காலுக்கும் சீட்டுக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தார். விரல் போனது. அசைத்துப் பார்த்தார். அசைந்தது.

இத்தனை வருஷத்துக்குப் பிறகு நான் பொருந்திவிட்டேன்.

“இடிக்குதா?” என்று கேட்டார். வழக்கமாக அவரே பதில் சொல்லிவிடுவார். இந்த முறை கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தார்.

“இடிக்கலப்பா” என்றேன்.

அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்திருக்கக் கூடாது. அடுத்த மாடல் ஜன்னலோரம் குனிந்து, அப்போ பின் சீட்டோடு போட்டுவிடலாமா என்று கேட்டார். அப்பா சரி என்று சொல்ல வாயெடுத்தார். இனியும் விட்டால் நான் மனுஷியே இல்லை.

“பின் சீட் வேண்டாம்பா. அந்த வேலை நிரந்தரம். நான் திரும்பி வரப்போறதில்ல. லீவுக்கு வருவேன், போவேன். அவ்வளவுதான்.”

அடுத்த மாடல் நிமிர்ந்து கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார். அப்பா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

தலையை ஆட்டினார். வெளியே நின்ற அம்மா கதவோரம் வந்து, காரை வாங்குங்கள் என்றாள். என்னைப் பார்க்க அவ்வளவு தூரம் இப்போதைக்கில் போக முடியாது, பாதி வழியில் படுத்துவிடும் என்றாள். நியாயமான பேச்சு. அடுத்த மாடலுக்கு உயிர் வந்தது. பின் சீட் இல்லாவிட்டால் இது இரண்டு பேருக்கு அருமையான வண்டி சார் என்றார்.

“ரெண்டு பேருக்குன்னா நான் அன்னிக்கே வாங்கியிருப்பேனே” என்றார் அப்பா.

கோபமாகச் சொல்லவில்லை. முன்னாலேயே வந்திருந்தால் பல்லைக் காப்பாற்றியிருக்கலாம் என்று நோயாளிகளிடம் சொல்வாரே, அந்தக் குரல். எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. துடைக்கக் கையைத் தூக்கினால் முழங்கை கூரையில் முட்டியது. இடம் கூட்டியதெல்லாம் காலுக்குத்தான்.

பிறகு அப்பா இறங்கினார். பெட்டித் தட்டு போட்ட கார் பக்கத்து அறையில் இருப்பதாகவும், வந்தால் காட்டுவதாகவும் அடுத்த மாடல் சொன்னார். அப்பா சரி என்றார். முன் சீட்டை அவரே மடக்கி, என் பக்கம் கையை நீட்டினார்.

“இறங்கு” என்றார்.

“வரலப்பா. கால் மாட்டிக்கிச்சு” என்றேன்.

அப்பா குனிந்து உள்ளே பார்த்தார். என் கால் எங்கேயும் மாட்டவில்லை. இரண்டு காலும் அவர் அளந்து வாங்கிய இடத்தில் தாராளமாக இருந்தன. என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அடுத்த மாடலிடம் திரும்பினார்.

“ஆமா, மாட்டிக்கிச்சு. கொஞ்ச நேரம் ஆகும்” என்றார்.