அதிகம் பேர் சாகிற ஆஸ்பத்திரி

1
முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது ஒட்டுக்கேட்டதில் பிறந்த கதை. ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில் என் பக்கத்தில் இரண்டு பெண்கள் சண்டை போட்டார்கள். ஒருத்தி அண்ணி, இன்னொருத்தி நாத்தனார். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2
"மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில் அவள்…"
(வேண்டாம். மழையை எத்தனை கதைக்குத்தான் கூப்பிடுவது?)

நாத்தனார் பொருளாதார ஆய்வாளர். ஆஸ்பத்திரிகள் போட்டி போட்டால் நோயாளிக்கு நல்லதா, கெட்டதா என்று பார்ப்பது அவள் வேலை. ஊரில் ஒரு பழைய ஆஸ்பத்திரி. எதிர்வாடையில் பளபளவென்று புதுசு ஒன்று முளைத்தது. அதன் பிறகு பழையதில் பிழைப்பவர்களின் எண்ணிக்கை கூடியது. அதே டாக்டர்கள், அதே படுக்கைகள், அதே கருவிகள். எல்லாவற்றையும் கழித்துப் பார்த்த பிறகும் கணக்கில் ஏதோ மிஞ்சியது. அவள் துறையில் அந்த மிச்சத்துக்கு உற்பத்தித்திறன்* என்று பெயர்.

அது என்னதான் என்று பார்க்க நேரில் போனாள். வார்டில் மணி அடித்தது. ஒரு நர்ஸ் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள். யாரும் அவளை ஓடச் சொல்லவில்லை. கணக்கில் மிஞ்சியது ஓடுவதை ஆய்வாளர் கண்ணால் பார்த்துவிட்டாள்.

(*பெயர் வைத்தவர் அந்த டீயைப் பார்த்திருக்க மாட்டார்.)

3
இவளை ரொம்பக் கெட்டிக்காரியாக்கிவிட்டேனோ? சொந்த வீட்டில் ஒருவர் படுத்தால் இந்தக் கெட்டிக்காரத்தனம் தாக்குப்பிடிக்குமா? பார்த்துவிடலாம்.

அவள் அண்ணனுக்கு இதய வால்வில் கோளாறு. உடனே ஆபரேஷன் செய்தாக வேண்டும்.

"புதுசுக்கே போயிடலாம். பழசுல சாகுறவங்கதான் அதிகம்னு நீதானே சொன்னே?" என்றாள் அண்ணி.

(சொன்னாள்தான். சாப்பாட்டு மேசையில் பாதியைச் சொல்லிவிட்டு, போன் வந்ததும் எழுந்து போய்விட்டாள்.)

"மத்தவங்க கைவிட்ட கேஸெல்லாம் அங்கதான் அண்ணி வருது. அதனால சாவும் அதிகம். ஒரே அளவு நோய் இருக்கறவங்களை ஒப்பிட்டா, ஆயிரத்துக்கு அஞ்சு பேர் அங்கதான் கூடுதலாப் பிழைக்கிறாங்க."

"ஆயிரம் பேரை வெச்சு நான் என்ன பண்ண? எனக்கு இருக்கறது ஒருத்தர்."

கட்டிலில் இருந்த அண்ணன் சிரித்தான்.

"சும்மா சொல்லு குட்டி. உன் கணக்கு தப்பாப் போனா நான் வந்து சண்டை போடவா போறேன்?"

"பழசு," என்றாள்.

4
முடிவு ஒன்று: அண்ணன் பிழைக்கிறான். அண்ணி அவளைக் கட்டிக்கொண்டு…
(அவள் கணக்கா காப்பாற்றியது? எதிர்வாடையிலும் பிழைத்திருப்பானோ என்னவோ.)

முடிவு இரண்டு: அண்ணன்…
(மனசு வரவில்லை. அப்படி நடந்தாலும் கணக்கு சரிதான். அதை அண்ணியிடம் போய் யார் சொல்வது?)

5
ஆபரேஷன் அறைக் கதவு மூடியிருக்கிறது. உள்ளே மணி அடிக்கிறது. யாரோ ஓடும் சத்தம். சண்டை போட்ட இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் இறுகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

எனக்கு ஆயிரத்தில் கூடுதலாகப் பிழைத்த அந்த ஐந்து பேரை நினைத்தால்தான் பிரமிப்பாக இருக்கிறது. எங்கேயோ காய்கறிக்குப் பேரம் பேசிக்கொண்டு, பிள்ளையைத் திட்டிக்கொண்டு இருப்பார்கள். அந்த ஐந்து பேர் தாங்கள்தான் என்று அவர்களுக்கே தெரியாது. எந்தக் கணக்காலும் அவர்களைக் கைகாட்ட முடியாது.

கதவை நான் திறக்கப்போவதில்லை. என்றைக்காவது ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து நீங்கள் பிழைத்து வெளியே வந்திருந்தால், நீங்கள் வந்து திறங்கள். யார் கண்டது, அந்த ஐந்து பேரில் நீங்களும் ஒருவராக இருக்கலாம்.