சாம்பல் மார்புக்கு எதிரே பூஜ்யம்

ஈரநில அலுவலகத்தில் அவருக்குப் பாம்புச்செவி என்றுதான் பேர். நாணலுக்குள் காணாங்கோழி கத்தினால் போதும், எந்த வகை என்று சொல்லிவிடுவார். அங்கே இருப்பது இரண்டு வகை: செம்மார்பு, சாம்பல் மார்பு. இரண்டுமே லேசில் கண்ணில் படாத கள்ளப் பறவைகள். குரலும் ஒன்றுதான், டொக் டொக் டொக். சாம்பல் மார்பு மட்டும் முடிக்கும்போது மெல்லிசாக ஒரு சீட்டி அடிக்கும். வித்தியாசம் அவ்வளவுதான்.

அவர் எண்ணி எழுதுவதைக் கணினியில் ஏற்றுவது அவர் மனைவி. எதிரெதிர் மேஜை. வீட்டில் பாதியில் விட்ட சண்டை அங்கே தொடரும். இந்த வருஷ அறிக்கையில் சாம்பல் மார்புக்கு எதிரே பூஜ்யம் போட்டிருந்தார். அவளுக்கு மனசு கேட்கவில்லை. மனுஷனுக்கு மிஷின் என்றாலே ஆகாது. அதனால் அவருக்குத் தெரியாமல் நாணலில் ஒரு ஒலிப்பதிவுக் கருவியைக் கட்டி வைத்தாள்.

மறுநாள் காலை போட்டுக் கேட்டாள். டொக் டொக் டொக், சீட்டி. திரும்பத் திரும்பச் சீட்டி.

பறவை அங்கேயேதான் இருக்கிறது, இந்த மாதிரிக் கீச்சுச் சத்தம் மட்டும் எட்டாமல் போனது இவர் காதுக்குத்தான். அடுப்பு டைமர் கத்தினாலும் தலை தூக்காத மனுஷனைத் திமிர் பிடித்தவர் என்று எத்தனை நாள் திட்டியிருப்பாள்! மத்தியானம் அறிக்கை போயாக வேண்டும். சொல்லாவிட்டால் அது பொய் அறிக்கை. சொன்னால் இவர் இடிந்துபோவாரே. முப்பது வருஷமாகக் காதை நம்பியே பிழைத்தவர் ஆயிற்றே.

சேற்றுப் பூட்ஸோடு உள்ளே வந்தவரிடம், முகத்தைப் பார்க்காமலே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். கருவி வைத்தது, சீட்டி, காது டாக்டரிடம் போகவேண்டியது. தயார் பண்ணி வைத்திருந்த ஆறுதல் வார்த்தை ஒன்றுகூட வாயில் வரவில்லை.

அவர் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அப்போ, அதுங்க போகலையா?"

"எல்லாம் அங்கேயேதாங்க இருக்கு."

முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதார். கடைசி ஒன்றும் செத்துப்போச்சென்று ஒரு வருஷமாக யாரிடமும் சொல்லாமல், அவளிடம்கூடச் சொல்லாமல், நாணலோரம் நின்று மருகினாராம். தான் எண்ணியதில் எங்காவது தப்பு இருக்கக்கூடாதா என்று தினமும் ஏங்கினாராம்.

"காது கிடக்குது, விடு," என்றார். "அதைத் திரும்பப் போடு. சீட்டி வர்றப்ப என் கையை அமுக்கு."

அவள் பதிவை ஓடவிட்டு, அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.